தடிமன் என்று தள்ளிப்போட்ட ஊசி



சென்ற இதழில் பிள்ளைகளின் வயிற்றோட்டம் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை வயிற்றோட்டத்தை விட்டுவிட்டுத் தடுப்பூசியைப் பற்றியே கேட்டிருந்தன. "இருமல் இருக்கும்போது ஊசி போடலாமா?", "ஒன்பதாம் மாத ஊசி தவறிவிட்டது, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?", "கையில் போட்ட ஊசி சீழ் கட்டியிருக்கிறது, என்ன பூசலாம்?" என்றெல்லாம் கேள்விகள். ஆகவே இம்மாதப் பக்கத்தைத் தடுப்பூசிக்கே ஒதுக்கிவிட்டேன். விடைகளுக்குப் போக முன்னர் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பிழை விட்டவன் நான்தான்.

கிழக்கில் ஒரு சிற்றூரில் மாலை நேரங்களில் பிள்ளைகளைப் பார்க்கும் சிறியதொரு மருந்தகம் நடத்தி வருகிறேன். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓர் இளம் தாய் தன் ஒன்பது மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்திருந்தார். கணவர் கட்டாரில் வேலை. கூட வந்தவர் பிள்ளையின் உம்மும்மா. பிள்ளைக்குத் தடிமன். மூக்கு ஒழுகியது, காய்ச்சல் இல்லை, பால் நன்றாகவே குடித்தது. நான் மருந்து எழுதிக்கொண்டிருக்கையில் தாய் கேட்டார்: "டொக்டர், நாளைக்கு கிளினிக் நாள். ஒம்பது மாச ஊசி போடணும். கொண்டு போகவா?" வெளியே வாங்கில் இடமில்லாமல் நின்றுகொண்டும் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தாமலே, "தடிமன் சுகமாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

தடிமன் நான்கைந்து நாளில் சுகமாகிவிட்டது. ஆனால் அந்தப் "பிறகு" வரவேயில்லை. அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் பிள்ளைக்கு இலேசான வயிற்றோட்டம். டொக்டர் தடிமனுக்கே வேண்டாம் என்றவர், வயிற்றோட்டத்துக்குப் போடச் சொல்வாரா என்று வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அதன் பின் நோன்பு வந்தது. வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம், பெருநாள் கழியட்டும் என்றார்கள். பெருநாள் கழிந்தபின் அந்த ஊசியின் ஞாபகமே யாருக்கும் இருக்கவில்லை. இடையில் குடும்பநல மாது இரண்டு தடவை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "டொக்டர் வேணாமெண்டு சொன்னவர்" என்ற பதிலோடு அவர் திரும்பியிருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொழும்பில் மாமி வீட்டில் ஒரு கிழமை தங்கினார்கள். அந்த நாட்களில் கொழும்பில் சின்னமுத்து பரவிக்கொண்டிருந்தது.

ஜூலை நடுப்பகுதியில் ஒரு மாலை, அதே பிள்ளை மீண்டும் என்னிடம் வந்தது. இப்போது வயது பதினான்கு மாதம். நான்கு நாட்களாகக் கடுங்காய்ச்சல், கண்கள் இரண்டும் சிவந்து நீர் வடிந்தன, நாய் குரைப்பது போன்ற இருமல். காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிய செந்நிறப் பொருக்கு நெஞ்சு வரை இறங்கியிருந்தது. கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஏன் மகள் ஊசி போடல்ல?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"நீங்கதானே டொக்டர், தடிமன் சுகமாகட்டும் எண்டு சொன்னீங்க."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு நிமோனியா ஆகியிருந்தது. துண்டு எழுதி உடனே ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் வார்டில் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வீடு வந்தது. வலது காதில் சீழ் வடிவது நிற்க மேலும் மூன்று மாதம் எடுத்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்கமாட்டேன். அன்று அந்தப் பிள்ளை எனது வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்து இருமியது. பக்கத்தில் ஐந்து மாத ஆண் குழந்தையோடு இன்னொரு தாய். பன்னிரண்டாம் நாள் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கியது. பின்னர் பொருக்கும் வந்தது. நான்கு நாள் ஒட்சிசன் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது மாத ஊசிக்கு அக்குழந்தைக்கு இன்னும் வயது வந்திருக்கவில்லை. அதன் பெற்றோர் ஒரு தவறும் செய்யவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வாங்கில் பக்கத்திலிருந்த பிள்ளையும் ஊசி போட்டிருந்தால் மட்டுமே அப்படிப்பட்ட கைக்குழந்தைக்குக் காவல் உண்டு. அன்று முதல், காய்ச்சலும் பொருக்கும் உள்ள பிள்ளைகளைப் பின்கதவால் வேறோர் அறைக்கு எடுக்கிறேன்.

சின்னமுத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது தாய்மார் பலரும் அதை ஒரு சாதாரணப் பொருக்கு வருத்தம் என்றே எண்ணுகிறார்கள். நோய் எதிர்ப்பு இல்லாத நூறு பேர் ஒரு நோயாளியோடு நெருங்கிப் பழகினால் தொண்ணூறு பேர் வரை தொற்றுக்குள்ளாவார்கள். நோயாளி அறையை விட்டுப் போன பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி காற்றில் நிற்கும். பொருக்குத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடும். ஆகவே "பொருக்கு வந்தபின் பிள்ளையை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் பயன்படாது. பொருக்கைக் காணும்போது வீட்டில் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும். நிமோனியா, காதில் சீழ், கடும் வயிற்றோட்டம், கண் பாதிப்பு, மூளைக்காய்ச்சல் ஆகியன இதன் பின்விளைவுகள். மிக அரிதாக, வருத்தம் சுகமாகி ஏழெட்டு வருடங்களின் பின் மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் ஒரு நோயும் வருவதுண்டு. அதற்கு மருந்து இல்லை. சின்னமுத்துக் கண்ட பிள்ளைக்கு வைத்தியசாலையில் விற்றமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காப்பதற்காகத்தான். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நமது நாட்டில் 1999, 2000 ஆண்டுகளில் இந்நோய் பெரிதாகப் பரவியது. அதன்பின் 2001 முதல் இரண்டாவது தடவையும் ஊசி கொடுக்கத் தொடங்கினார்கள். 2011இல் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். ஊசி வந்தது. 2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நான்கு வருடம் முடியுமுன்பே, 2023இன் நடுப்பகுதியில் நோய் மீண்டும் தலைகாட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஒன்பது மாதம் பூர்த்தியாகாத கைக்குழந்தைகளும் இருபது முதல் முப்பது வயதுவரையிலான இளைஞர்களும் ஆவர். 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில், நமது கல்முனைச் சுகாதாரப் பிராந்தியம் உட்பட, ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட்டார்கள். அன்று அதைப் பெற்றுக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊசி கணக்கில் சேராது. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போட வேண்டியவை போடப்பட்டிருக்கின்றனவா என்று கொப்பியைத் திறந்து பாருங்கள்.

ஏன் ஒன்பது மாதம் வரை பொறுக்க வேண்டும் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயின் உடலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் அதற்குக் கிடைக்கிறது. அது உடலில் இருக்கும் வரை ஊசி மருந்தையும் அது அழித்துவிடும். ஆகவே அது தேயும் வரை காத்திருக்கிறோம். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பிள்ளைகளுக்குத்தான் பலன் பிடிக்கும். எஞ்சிய பிள்ளைகளையும் பிடிப்பதற்காகவே மூன்று வயது ஊசி. "முதல் ஊசிதான் போட்டாயிற்றே" என்று இரண்டாவதை அலட்சியம் செய்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மூன்று வயது ஊசிதான் நமது பகுதியில் அதிகம் மறந்துபோகும் ஊசி என்பது எனது அனுபவம். பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது.

சரி, எப்போது ஊசியைத் தள்ளிப்போடலாம்?

தடிமன், இருமல், காய்ச்சலில்லாத மூக்கொழுகல், இலேசான வயிற்றோட்டம், பல் முளைத்தல், தோலில் சிறு சிரங்கு ஆகிய எதற்கும் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிள்ளை அன்டிபயோட்டிக் மருந்து குடித்துக்கொண்டிருந்தாலும் போடலாம். நிறை குறைந்த பிள்ளைக்கும் போடலாம், அத்தகைய பிள்ளைக்கு அவசியம் இன்னும் அதிகம். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த திகதியிலிருந்தே கணக்கு வைக்க வேண்டும், நிறைமாதத்திலிருந்து அல்ல. தாய் மீண்டும் கருவுற்றிருந்தால் வீட்டிலுள்ள பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போடக்கூடாது என்றொரு பேச்சு உலவுகிறது. அதுவும் தவறு, தாராளமாகப் போடலாம். கர்ப்பிணிக்குத்தான் அந்த ஊசி போடக்கூடாது.

தள்ளிப்போட வேண்டிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. பிள்ளைக்கு 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், அல்லது வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டிய அளவுக்குக் கடும் வருத்தம் இருந்தால், சுகமானதும் போடலாம். முந்திய ஊசிக்குப் பின் மூச்சுத் திணறி மயங்கியிருந்தால், வலிப்பு வந்திருந்தால், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாமல் வீரிட்டு அழுதிருந்தால், அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, பல நாட்களாக ஸ்டீரொயிட் மருந்து குடிக்கும் பிள்ளை, அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்ட பிள்ளை ஆகியோருக்கு உயிருள்ள கிருமிகளைக் கொண்ட ஊசிகளை எப்போது போடுவது என்று விசேட வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று, நமது வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. மாட்டிறைச்சி சாப்பிட்டதும் உடம்பு தடித்து, முகம் வீங்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். சில ஊசிகளில் மாட்டின் இரத்தத்திலிருந்து வரும் ஒரு புரதம் மிகச் சிறிதளவில் எஞ்சியிருப்பதுண்டு. ஊசிக்குப் பின் ஒவ்வாமை ஏற்பட்ட இலங்கைப் பிள்ளைகள் சிலரில் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்பதை நமது நாட்டு ஆய்வாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். அதற்காக ஊசியைக் கைவிட வேண்டாம். கிளினிக்கில் முன்கூட்டியே சொன்னால் வைத்தியசாலையில் வைத்துப் போட ஒழுங்கு செய்வார்கள். எந்தப் பிள்ளையாயினும் ஊசி போட்டதும் ஓடிவிடாமல் இருபது நிமிடம் கிளினிக்கிலேயே இருங்கள். ஓட்டோக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று எழுந்து போகும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். கடும் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். அதற்கான மருந்து அங்கே தயாராக இருக்கும், ஓட்டோவில் இருக்காது.

பிறந்தவுடன் வைத்தியசாலையிலேயே இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசியைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் அந்த இடம் சிறு கட்டியாகி, சீழ் வைத்து, உடைந்து, பொருக்குத் தட்டி, கடைசியில் ஒரு தழும்பாக நிற்கும். ஊசி பிடித்ததற்கு அதுவே அடையாளம். எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் பூச வேண்டாம், துணி கட்ட வேண்டாம், நசுக்க வேண்டாம். குளிப்பாட்டலாம். அக்குளில் கட்டி பெரிதாக வீங்கினால் மட்டும் காட்டுங்கள். ஆறு மாதமாகியும் தழும்பைக் காணவில்லையெனில் மீண்டும் ஒரு தடவை போடுவார்கள். ஐந்து வயது வரை அதற்கு அவகாசம் உண்டு.

இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஓர் ஊசியும், போலியோவுக்குரிய மருந்தும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். பிள்ளையின் நிறைக்கேற்ப வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல் பாணியை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். பெரியவர்களின் பனடோல் குளிசையை உடைத்துக் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. தொடையில் சிறு கட்டியொன்று சில கிழமைகள் இருந்துவிட்டுக் கரைந்துபோகும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் அது ஊசியின் காய்ச்சலென்று சும்மா இருக்காமல் மருந்துக்குக் கொண்டுபோங்கள். எம்.எம்.ஆர். ஊசியின் காய்ச்சல் வேறு மாதிரி. ஆறு முதல் பன்னிரண்டு நாட்களின் பின் வரும், இலேசான பொருக்கும் போடும், பிறருக்குத் தொற்றாது.

பன்னிரண்டாம் மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு, ஒன்றரை வயதில் முக்கூட்டு ஊசியும் போலியோவும், மூன்று வயதில் எம்.எம்.ஆர். இரண்டாவது, ஐந்து வயதில் மீண்டும் ஒன்று. பின்பு பாடசாலையில் போடுவார்கள். 2017 முதல் 6ஆம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசியும் கொடுக்கப்படுகிறது. பாடசாலையிலிருந்து வரும் சம்மதக் கடிதத்தை வாசிக்காமலே "வேண்டாம்" என்று எழுதி அனுப்பும் வாப்பாமார் உண்டு. பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். அப்படி எதுவும் நடப்பதாக எந்த நாட்டு அனுபவத்திலும் இல்லை. அந்தப் புற்றுநோயால் இளம் வயதிலேயே பிள்ளைகளைத் தவிக்கவிட்டுப் போன தாய்மாரை நமது ஊர்களிலேயே விசாரித்துப் பாருங்கள்.

எம்.எம்.ஆர். ஊசியால் பிள்ளை பேசாமல் போய்விடும், ஓட்டிசம் வரும் என்பது இன்னொரு கதை. வெளிநாட்டிலிருக்கும் வாப்பாமார்தான் இதைத் தொலைபேசியில் அனுப்பிவைக்கிறார்கள். இதன் பிறப்பிடம் 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் எழுதிய ஒரு கட்டுரை. அவர் பார்த்ததே பன்னிரண்டு பிள்ளைகளை. 2010இல் அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு அவரது பெயர் வைத்தியர் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஓட்டிசத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. பிள்ளைகள் பேசத் தொடங்கும் வயதும் ஊசிகள் போடும் வயதும் ஒன்றாக இருப்பதால் பெற்றோர் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அந்தத் துயரம் எனக்கு விளங்குகிறது, காரணம்தான் அதுவல்ல.

ஊசிகளில் பன்றியின் ஜெலட்டின் கலக்கப்படுகிறதாமே என்றும் இருவர் எழுதியிருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. எல்லா ஊசிகளிலும் அது கிடையாது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட சில ஊசிகளில், மருந்து கெடாமலிருக்க ஜெலட்டின் சேர்க்கும் உற்பத்தியாளர்கள் உண்டு. இது குறித்து 1995இல் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் குவைத்தில் கூட்டிய மாநாட்டில் நூறுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். மூலப்பொருள் முற்றாக வேறொரு பொருளாக மாறிவிடுவதால் அத்தகைய ஜெலட்டின் சுத்தமானது, பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைப் பிராந்திய அலுவலகம் 2001இல் அதைக் கடிதமாகவே அறிவித்தது. நான் ஆலிம் அல்லன். மேலும் சந்தேகமிருந்தால் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். கேட்டுத் தெரியும் வரை ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு, கேட்கவும் போகாமலிருப்பதுதான் நான் அதிகம் காண்பது.

தனியார் நிலையங்களில் "காய்ச்சல் வராத ஊசி" என்று ஒன்றை நல்ல விலைக்குப் போடுகிறார்கள். அதிலுள்ள குக்கல் மருந்து வேறு வகை. காய்ச்சல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் குக்கலுக்கு எதிரான காவல் அதில் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. வசதியுள்ளவர்கள் போடுவதில் தவறில்லை. கடன் வாங்கிப் போட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை, கிளினிக்கில் இலவசமாகப் போடும் ஊசி எந்த வகையிலும் தரம் குறைந்ததல்ல. கொப்புளிப்பான் போன்ற வேறு சில வருத்தங்களுக்கும் காசுக்கு ஊசி உண்டு. அரசாங்க அட்டவணையில் உள்ளவற்றை முதலில் முடியுங்கள், பின் அவற்றை யோசிக்கலாம். எங்கே போட்டாலும் கொப்பியில் பதிவிக்க மறக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையைக் காது காட்ட மீண்டும் கொண்டுவந்தபோது உம்மும்மாவும் வந்திருந்தார். "நாங்க எட்டுப் பிள்ளை பெத்தோம். எங்கட காலத்தில இந்த ஊசியெல்லாம் எங்க இருந்திச்சு டொக்டர்?" என்றார். சண்டைக்குச் சொன்னதல்ல, தன் மகளின் மனப்பாரத்தைக் குறைக்கச் சொன்னது. "எட்டும் இருக்காங்களா உம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு விரலை மடக்கினார். ஒரு ஆண் குழந்தை பிறந்து ஏழாம் நாள் ஏற்புவலியில் மௌத்து. வாய் திறந்து பால் குடிக்க முடியாமல் உடம்பு வில்லாக வளைந்ததாம். இரண்டரை வயதுப் பெண் பிள்ளை ஒன்று சின்னமுத்தில். "ஆறு பேர் இருக்காங்க" என்று முடித்தார். இந்த இரு மௌத்துகளையும் அவரது மகள் அன்றுதான் முழுதாகக் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இலங்கையில் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. சின்னமுத்து ஊசி 1980களின் நடுப்பகுதியில் சேர்ந்தது. கடைசியாக ஒரு பிள்ளைக்குப் போலியோ கண்டது 1993இல். நமக்கு இந்த வருத்தங்களின் முகம் மறந்துவிட்டது, அதனால் ஊசியின் காய்ச்சல் பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாக, ஊசி தவறியவர்களுக்கு. எத்தனை மாதம் பிந்தியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்பு போட்டவை வீணாகிவிடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசிகள் போட நேர்ந்தாலும் பிள்ளையின் உடல் தாங்கும். ஒரேயொரு விதி, எம்.எம்.ஆர்., யப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு கிழமை இடைவெளி விட வேண்டும். அதைக் கணக்குப் பார்ப்பது குடும்பநல மாதுவின் வேலை. பிந்தி வந்ததற்கு ஏசுவார் என்று பயந்து ஒளிந்திருக்க வேண்டாம். ஏசினாலும் ஊசியைப் போட்டுத்தான் அனுப்புவார். கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். எம்.எம்.ஆர். குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதை வீச வேண்டும். அதனால்தான் கண்ட நேரத்தில் வந்து ஒரு பிள்ளைக்குப் போடச் சொன்னால் தயங்குகிறார்கள். நோன்பு மாதத்திலும் கிளினிக் உண்டு. தாய்க்குக் களைப்பாக இருந்தால் சாச்சியோ உம்மும்மாவோ கொப்பியோடு கொண்டுபோகலாம்.

புத்தளத்திலிருந்து எழுதிய சகோதரி வீடு மாறும்போது கொப்பி தொலைந்துவிட்டதாக வருந்தியிருக்கிறார். பிள்ளை ஊசி போட்ட பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள், அவர்களது பதிவேட்டில் இருக்கும். புதிய கொப்பியில் எழுதித் தருவார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் வைத்திய அதிகாரி எதை மீண்டும் போடலாம் என்று சொல்வார். ஏற்கெனவே போட்ட எம்.எம்.ஆர். ஊசியை இன்னொரு தடவை போடுவதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. கொப்பி கிடைத்ததும் அதன் எல்லாப் பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுத்து, கட்டாரிலிருக்கும் வாப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

அடுத்த இதழில் பால்போத்தலும் பிள்ளைகளின் பற்சூத்தையும் பற்றி எழுதுகிறேன். கேள்விகளை இம்மாதம் 20ஆம் திகதிக்கு முன் கிடைக்கும்படி அனுப்புங்கள்.